டிஸ்க்கைத் தொட்டால் பேரிங்கும் போகும்

குமரி மாவட்டத்தில் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் எஞ்சினை நினைத்துக் கவலைப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. கவலையெல்லாம் வண்டிக்குக் கீழேதான். வருஷத்துக்கு இரண்டு மழை எங்களுக்கு. ஜூனில் தென்மேற்கு ஆரம்பித்து வைத்தால், மிச்சத்தை அக்டோபரில் வடகிழக்கு வந்து பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் உப்புக்காற்று. முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒரு ராத்திரி காரை வெளியே நிறுத்திவிட்டுக் காலையில் சக்கரத்து இடுக்கில் எட்டிப் பாருங்கள், சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டு, அதாவது பிரேக் டிஸ்க், செம்பொடி பூசி நிற்கும். அந்தத் துருவை யாரும் பொருட்படுத்துவதில்லை, பொருட்படுத்தவும் வேண்டாம். தெருமுனை தாண்டுவதற்குள், மிதித்தால் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிற பேட் உரசித் துடைத்துவிடும். பேட் எட்டாத இடத்தில், டிஸ்க்கும், சக்கரத்தைத் தாங்குகிற நடுக்குடமான ஹப்பும் முகத்தோடு முகம் ஒட்டி உட்காரும் இடத்தில் பிடிக்கிற துருதான் ஆளைப் படுத்துகிறது.

என்னுடையது 2004 மாடல் எஸ்டீம். டிஎன் 74, நாகர்கோவில் பதிவு. மாருதி 1990-ல் 'மாருதி 1000' என்று விட்ட வண்டியில் 1.3 லிட்டர் எஞ்சினை வைத்து 1994-ல் எஸ்டீம் ஆக்கினார்கள், 2007-ல் நிறுத்திவிட்டார்கள். எடை குறைந்த உடம்பு, அதனால் மிதித்தால் இன்றைக்கும் சிலிர்த்துக்கொண்டு கிளம்பும். பதினைந்து வருஷம் முடிந்த காரை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ ஆபீசில் கொண்டுபோய்க் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எனக்கு 2019-லும் 2024-லும் முடிந்தது, அடுத்தது 2029. "இந்தச் சவத்தக் கொடுத்துட்டு ஒரு நல்ல வண்டி எடுல" என்று அம்மா சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். சொல்லட்டும்.

தொந்தரவு இரண்டு விதமாக வந்தது. ஆரல்வாய்மொழி ரோட்டில் எண்பதில் போய்க்கொண்டிருக்கும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கையில் கிடந்து ஆடும், மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. இன்னொன்று சத்தம். நாற்பதைத் தாண்டினால் வலது முன்பக்கத்திலிருந்து ஒரு ஊம்காரம் கிளம்பும். கியரை நியூட்ரலில் போட்டாலும் போகாது, எஞ்சின் வேகத்தைக் கூட்டினாலும் மாறாது, வண்டியின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கும். பாட்டுப் போட்டு மறைக்கலாம். நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

இந்த இரண்டையும் பிரித்தறிய மெக்கானிக் தேவையில்லை, ரோடு போதும். பிரேக் பிடிக்கும்போது அதிர்வு ஸ்டியரிங்கில் வந்தால் பெரும்பாலும் முன் டிஸ்க். சீட்டிலும் உடம்பிலும் வந்தால் பின் டிரம்மைச் சந்தேகப்படலாம். சத்தத்துக்கு வளைவு வேண்டும். நாகர்கோவிலிலிருந்து தக்கலை போகிற ரோட்டில், வில்லுக்குறி தாண்டினால் வளைவுக்குப் பஞ்சமில்லை. வண்டி இடதுபக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்தில் ஏறும். இடது வளைவில் சத்தம் கூடி, வலது வளைவில் குறைந்தால் வலது பேரிங்தான், அதாவது சக்கரத்தை உரசாமல் சுழல வைக்கிற குண்டு வளையம்தான் போயிருக்கிறது. என் வண்டி ஒவ்வொரு இடது வளைவிலும் அதை உரக்கவே சொன்னது. வீட்டுக்கு வந்து ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லேசாக ஒரு தட்டு. சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மற்றக் கையால் சக்கரத்தைச் சுழற்றினால், காதுக்குக் கேட்காத அரைபடல் ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். நல்ல பேரிங்கில் அந்த ஸ்பிரிங் செத்த மாதிரிக் கிடக்கும்.

இதற்கு முன்பு ஒரு பட்டறையில் இதே ஆட்டத்துக்கு வைத்தியம் பார்த்திருந்தார்கள். "டிஸ்க்கு வளைஞ்சு போச்சு, லேத்துல ஒரு டர்னிங் போட்டா செரியாவும்" என்று சொல்லி, டிஸ்க்கைக் கடைந்து, சத்தம் போட்ட பேரிங்கையும் மாற்றிக் கொடுத்தார்கள். சில மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஆட்டமும் வந்தது, சத்தமும் வந்தது. ஒரே சக்கரம், ஒரே வரிசை. அந்தப் பட்டறையின் பெயர் இங்கே எதற்கு? அவர்கள் செய்ததைத்தான் இந்த மாவட்டத்தில் பாதிப் பட்டறைகள் செய்கின்றன. அது ஏன் நிற்காது என்பதுதான் விஷயம்.

டிஸ்க் வளைகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். அது வார்ப்பிரும்பு, சூட்டில் அவ்வளவு சுலபமாக முறுக்கிக்கொள்ளாது. உண்மையில் நடப்பது வேறு. டிஸ்க் ஹப்பின் மேல் துளிச் சாய்வாக உட்கார்ந்துவிடுகிறது. இடையில் ஒரு துருப் பொருக்கு இருந்தாலே போதும். சுற்றும்போது அதன் விளிம்பு உள்ளே வெளியே என்று ஆடும். இந்த ஆட்டத்துக்குச் சிறிய கார்களில் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் பெரும்பாலும் இடம் கிடையாது. ஆடுகிற டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசிக்கொண்டே போகிறது, பிரேக் பிடிக்காமல் ஓடும்போதும் உரசுகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இப்படி ஓடினால் அந்த இடம் தேய்ந்து மெலிந்துவிடும், அல்லது பேடின் பொருள் அங்கே படலமாக ஒட்டிக்கொள்ளும். ஒரு டிஸ்க்கில் தடிமன் இடத்துக்கு இடம் 0.02 மில்லிமீட்டர் மாறினாலே காலில் தெரியும், ஸ்டியரிங்கில் தெரியும். நாம் அதைப் பார்த்து வளைஞ்சு போச்சு என்கிறோம். லேத்தில் கடைந்தால் தடிமன் சமமாகும். சாய்வு எங்கே போகும்? ஹப்பின் முகத்தில் துரு அப்படியே இருக்கிறது, பேரிங்கில் தளர்வு இருக்கிறது. திரும்பவும் உரசல், திரும்பவும் மெலிவு. அதோடு கடைந்த டிஸ்க் ஏற்கெனவே மெலிந்தது, சூடு தாங்குகிற சக்தியும் அதற்குக் குறைவு. டிஸ்க்குக்கு ஒரு குறைந்தபட்சத் தடிமன் உண்டு. பெரும்பாலும் அதன் மேலேயே வார்த்திருப்பார்கள், இல்லாவிட்டால் மேனுவலில் இருக்கும். என் வண்டியில் வெர்னியர் வைத்துப் பார்த்தபோது வலது டிஸ்க் அந்த எண்ணுக்குக் கீழே போயிருந்தது. அதாவது டர்னிங் போட்ட அன்றைக்கே அதைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும்.

தக்கலைப் பக்கம் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். பல வருஷம் சவூதியில் வண்டி வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டு அவருக்குப் பிடித்த வண்டிகளை மட்டும் பார்க்கிறார். பிடிக்காத வண்டி என்றால் "ஆளில்ல மக்களே" என்று சொல்லிவிடுவார், ஆள் அவரே முன்னால் நின்றுகொண்டிருந்தாலும். எஸ்டீம் அவருக்குப் பிடிக்கும்.

"ரெண்டு டிஸ்க்கையும் மட்டும் மாத்திப் பாப்போமா அண்ணாச்சி? பேரிங்க பெறவு பாக்கலாம்லா?" என்று கேட்டேன். செலவை இரண்டாகப் பிரிக்கலாம் என்ற கணக்கு.

"பெறவா? இதுல பெறவுன்னு ஒண்ணு கெடையாது பாத்துக்கோ. டிஸ்க்கு வரணும்னா ஹப்பு வரணும். ஹப்ப இளுத்தா பேரிங்கு உருப்படியா வருமா?"

அவர் சொன்னதை விளக்கிவிடுகிறேன், இது தெரியாமல் பணம் இழப்பவர்கள் அதிகம். ஸ்விஃப்ட் போன்ற பிறகு வந்த கார்களில் டிஸ்க் ஹப்புக்கு வெளியே தொப்பியாகக் கவிழ்ந்திருக்கும். சக்கரத்தையும், பேடைப் பிடித்திருக்கிற காலிப்பரையும் எடுத்துவிட்டால், டிஸ்க்கில் இருக்கிற இரண்டு மரைத்துளையில் எட்டு எம்எம் போல்ட்டைப் போட்டு முறுக்கினால் போதும், அதுவாகப் பிடுங்கிக்கொண்டு வரும். பேரிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எஸ்டீமில் டிஸ்க் ஹப்புக்கு உள்பக்கம் இருக்கிறது, பின்னாலிருந்து போல்ட் போட்டு ஹப்போடு இறுக்கியிருக்கும். சட்டைக்குள் போட்ட பனியன்தான், சட்டையைக் கழற்றாமல் அது வராது. அந்த ஹப்போ, சக்கரத்தைத் தாங்கித் திருப்புகிற நக்கிள் என்ற இரும்புத் துண்டுக்குள் இருக்கிற பேரிங்கில் இறுக்கமாக அடித்து ஏற்றியது. ஹப்பை இழுக்கும்போது அந்த இழுவிசை முழுவதும் பேரிங்கின் குண்டுகள் வழியாகத்தான் போகும். குண்டு தன் தடத்தில் பள்ளம் பதித்துவிடும். அதைத் திரும்ப மாட்டினால் புது டிஸ்க்கில் பழைய சத்தம். உள்வளையம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு பேரிங் இரண்டாகப் பிரிந்து வருவதும் உண்டு. ஆகவே டிஸ்க் செலவு என்று கணக்குப் போடுகிறவர் பேரிங்கையும் ஆயில் சீலையும் அதே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பேரிங் மட்டும் போனவர்களுக்கும் இதே பேச்சு. ஹப் வெளியே வந்திருக்கும்போது தேய்ந்த டிஸ்க்கைத் திரும்ப மாட்டுவது, அதே கூலியை இன்னொரு தடவை கொடுப்பதற்குச் சம்மதம் சொல்வதுதான்.

டிஸ்க்கை இரண்டு பக்கமும் ஜோடியாகத்தான் மாற்றவேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். நிறுத்துகிற வேலையில் ஏறக்குறைய 70 சதவீதம் முன்சக்கரங்களுடையது, அங்கே கஞ்சத்தனம் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஹப் இரண்டு பக்கமும் வெளியே வந்தே தீரும் என்பதால் பேரிங்கும் இரண்டு பக்கமும்.

சாமான் வாங்கியதைப் பற்றிச் சுருக்கமாக. எஸ்டீமுக்குக் கண்ணாடியும் பம்பரும் தேடினால்தான் அலைய வேண்டியிருக்கும், பிரேக் சாமான் இன்னும் கிடைக்கிறது. பேட் விஷயத்தில் டிவிஎஸ் கேர்லிங், ரானே போன்ற நம் ஊர்க் கம்பெனிகளே போதும். பேரிங்கில்தான் எச்சரிக்கை. எஸ்கேஎஃப், ஜெய்ப்பூரில் செய்கிற என்பிசி, இந்தப் பெயர்களைப் போட்ட போலி டப்பா தாராளமாக உலவுகிறது. எஸ்கேஎஃப் தன் பொருளைப் படமெடுத்து அனுப்பிச் சரிபார்க்க ஒரு செயலியே வைத்திருக்கிறது என்றால் போலி எவ்வளவு இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார், இது வெல கம்மி" என்று எடுத்து வைத்த பேரிங்கில் எழுத்து மேலே மை தடவியது போல் இருந்தது, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. நல்லதில் எழுத்து உலோகத்திலேயே பதிந்திருக்கும். விலை கம்மியை அவரிடமே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

வேலை. இதற்கு முழங்கை பலம் வேண்டும் என்று நினைக்கிறார்கள். வரிசைதான் வேண்டும். முதல் காரியம், சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்ஸில் நட்டைத் தளர்த்துவது. நடுவில் இருக்கிற மூடியை நெம்பி எடுத்தால் நட் தெரியும், அதன் குறுக்கே, அது கழன்று போகாமல் தடுக்கிற ஒரு காட்டர் பின். எங்கள் ஊர்த் துருவில் அந்தப் பின் முழுசாக வந்ததாக வரலாறில்லை, துண்டு துண்டாகத்தான் வரும். அதை எடுத்துவிட்டு, ஒருவர் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொள்ள, பெரிய பாக்ஸ் ஸ்பானரின் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளம் கூட்டி அழுத்தவேண்டும். ஜாக்கியில் தூக்கிய வண்டியில் இந்த நட்டோடு மல்லுக்கட்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். வண்டி ஜாக்கியிலிருந்து சரிந்தால் கீழே இருப்பது கை.

அண்ணாச்சி நட்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார், மரையில் மண்ணெண்ணெய் ஊற்றினார், "சாயா குடிச்சிட்டு வருவோம்" என்றார். வேலையே ஆரம்பிக்கவில்லையே என்று நினைத்தேன். மண்ணெண்ணெய் இறங்குகிற நேரத்தைத்தான் அவர் சாயாவில் கழிக்கிறார் என்பது திரும்பி வந்ததும் புரிந்தது. நட் ஒரு முனகலோடு அசைந்தது.

பிறகு பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கம் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றுவது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்ட். செம்மண் தரையென்றால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை வேண்டும், மழை பெய்த மண் அதை உள்ளே விழுங்கும். காலிப்பரைக் கழற்றி ஸ்பிரிங்கில் கம்பி போட்டுத் தொங்கவிட்டோம். ஹோஸில் அதைத் தொங்க விடக்கூடாது. ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் கிழிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. பேட் தூளைக் காற்றடித்து ஊதவும் கூடாது. பழைய பேட்களில் கல்நார் உண்டு, புதியவற்றின் தூளும் நெஞ்சுக்கு நல்லதில்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

வண்டியிலேயே வைத்து ஸ்லைடிங் ஹாமரால் ஹப்பை இழுக்கலாம். அண்ணாச்சி அதைச் செய்யவில்லை. டை ராட் எண்டு, கீழே பால் ஜாயின்ட், மேலே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டைப் பிடிக்கும் இரண்டு போல்ட், இவற்றைக் கழற்றி நக்கிளை முழுசாக வெளியே எடுத்தார். ஸ்ட்ரட் போல்ட்டைத் தொடுவதற்கு முன் அது உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு. திரும்ப மாட்டும்போது சக்கரத்தின் சாய்வு ஏறத்தாழப் பழைய இடத்துக்கே வருவதற்கு அது. நக்கிளைக் கையோடு எடுப்பதன் காரணம் ஒன்றுதான், லேத்துப் பட்டறையில் இருக்கிற ஹைட்ராலிக் பிரஸ்.

என் வண்டியின் முந்தைய பேரிங் ஏன் சில மாதத்தில் செத்தது என்பது அந்தப் பிரஸ்ஸில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. லேத்துக்காரர் ஹப்பைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, மானியின் முள் மட்டும் ஏறிக்கொண்டு போனது. திடீரென்று பட்டறையே அதிர ஒரு 'டொக்', ஹப் ஒரு நூல் இறங்கியது. இன்னொரு 'டொக்'. வெளியே வந்த ஹப்பின் கழுத்தில் ஒரு உள்வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை கிரைண்டரால் குறுக்கே முக்கால்வாசி வெட்டி, வெட்டில் உளியை வைத்து ஒரு தட்டு. வளையம் பிளந்து விழுந்தது. முழுக்க வெட்டினால் ஹப்பின் கழுத்தில் கீறல் விழும், அப்புறம் ஹப்பும் செலவு. அடுத்து நக்கிளிலிருந்து பேரிங்குகளைத் தள்ளினார். எஸ்டீமில் ஒரு சக்கரத்துக்கு இரண்டு பேரிங், நடுவில் ஒரு ஸ்பேசர் குழாய்.

அண்ணாச்சி பிளந்த வளையத்தைத் துணியால் துடைத்து வெயிலில் காட்டினார். குண்டு ஓடுகிற தடம் கண்ணாடி போல இருந்திருக்க வேண்டும். அதில் சம இடைவெளியில் சின்னச் சின்னப் பள்ளங்கள், வரிசையாக, இரண்டு குண்டுக்கு நடுவே எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில். "இது ஓடித் தேய்ஞ்சதில்ல மக்களே. சுத்தியல வச்சு அடிச்சு ஏத்தியிருக்கானுவ" என்றார். பேரிங்கை நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். ஹப்பைப் பேரிங்குக்குள் ஏற்றும்போது உள்வளையத்துக்குக் கீழே தாங்கல் கொடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால், அல்லது சுத்தியலால் சாத்தினால், அடி முழுவதும் குண்டு வழியாகப் போய்த் தடத்தில் பதியும். புது பேரிங், பெட்டியிலிருந்து எடுத்த அன்றைக்கே பாதி ஆயுள் போய்விடும். பட்டறையிலிருந்து வண்டி வெளியே வரும்போது சத்தம் இருக்காது. ரசீது கிழிந்த பிறகுதான் வரும்.

உள்ளே இருந்த கிரீஸும் ஒரு சேதி சொன்னது. பால் ஊற்றிய காப்பி நிறம். தண்ணீர் போயிருக்கிறது. சக்கரம் ஓடிச் சூடாகியிருக்கும்போது வெள்ளத்தில் இறக்கினால் ஹப் சட்டென்று குளிரும், உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, நைந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். 2021 நவம்பரில் மாவட்டமே மிதந்தது, 2023 டிசம்பரிலும் தண்ணீர். அந்த நாட்களில் இங்கே ஓடாத வண்டி ஏது? மழைவெள்ளத்தில் ஹப் முங்க ஓட்டியவர்கள் அடுத்த சில மாதம் வளைவுகளில் ரேடியோவை அணைத்துக் கேட்பது நல்லது.

இதற்கப்புறம் நடந்ததில் எனக்குப் பிடித்தது, அண்ணாச்சி ஹப்பின் முகத்தைச் சுத்தம் செய்த விதம். பேரிங் ஏற்றுவது பிரஸ்ஸின் வேலை, கால்மணி நேரத்தில் முடிந்தது. ஹப்பின் முகத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது அதைவிட அதிகம். முதலில் கம்பி பிரஷ், பிறகு எமரித்தாள், ஒவ்வொரு போல்ட் துளையின் ஓரத்திலும் விரலை வைத்துத் தடவிப் பார்ப்பார், ஏதாவது தட்டுப்பட்டால் திரும்ப எமரித்தாள். துளையின் விளிம்பில்தான் துரு மேடாக நிற்கும் என்றார். புது டிஸ்க் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசித்தான் வரும். அதையும் தின்னர் போட்டு எண்ணெய் பசை போகும்வரை துடைத்தார், இல்லாவிட்டால் முதல் பிரேக்கிலேயே பேட் அதைக் குடித்துவிடும். டிஸ்க்கை ஹப்போடு போல்ட் போட்டு, குறுக்குவாட்டில் ஒன்று விட்டு ஒன்றாக இறுக்கினார். நக்கிள் வண்டியில் ஏறியதும் நுண்ணிய ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜ் ஒன்றை ஸ்ட்ரட்டில் கட்டி, அதன் நுனி டிஸ்க்கின் விளிம்பில் படும்படி வைத்து, கையால் சுற்றிப் பார்த்தோம். முள் 0.04 மில்லிமீட்டருக்குள் நின்றது. இடது பக்கம் முதலில் 0.1-ஐத் தொட்டது. ஹப்பை அசைக்காமல் டிஸ்க்கின் போல்ட்டுகளை மட்டும் கழற்றி, டிஸ்க்கை ஒரு துளை தள்ளித் திருப்பி இறுக்கினோம், பாதியாகக் குறைந்தது. டயல் கேஜ் என்ற சாதனத்தைப் பிரேக் வேலைக்கு எடுத்து நான் பார்த்த ஒரே கொட்டகை அதுதான். பெரிய ஷோரூம்களில்கூட கேட்டுப் பார்த்திருக்கிறேன், ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

காலிப்பரில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். அது வழுக்கி ஓடுகிற பின்களுக்குச் சாதாரண கிரீஸ் போடக்கூடாது, ரப்பர் உறை ஊதிப்போகும், சிலிக்கான் கிரீஸ்தான். அந்தப் பின் இறுகிப் போனால் ஒரு பேட் மட்டும் தேயும், கடலோரத்து வண்டிகளில் இது சர்வ சாதாரணம். அடுத்தது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரம் ஏறியதற்கு 140 டிகிரியே போதும். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் தரையைத் தொடும். பேச்சிப்பாறைப் பக்கம் மலையிறங்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டாம். எங்கள் ஈரக்காற்றுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது உத்தமம். என் வண்டியிலிருந்து இறங்கியது கட்டஞ்சாயா நிறத்தில் இருந்தது.

கடைசியில் திரும்பவும் அந்த ஆக்ஸில் நட். சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான் இறுக்கவேண்டும். இந்த அளவு வண்டிகளுக்கு 150-லிருந்து 200 நியூட்டன் மீட்டர், சரியான எண்ணை அந்தந்த மேனுவலில் பார்க்கவேண்டும். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் பதினெட்டு கிலோவைத் தொங்கவிட்டால் ஏறக்குறைய 175 வரும், டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் கற்பனை செய்துகொள்ள. இந்த நட் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று நினைக்கிறோம். இரண்டு பேரிங்கின் உள்வளையங்களையும் நடுவிலிருக்கிற ஸ்பேசரையும் ஒரே துண்டாகச் சேர்த்துப் பிடிப்பது இதுதான். தளர்ந்திருந்தால் வளையங்கள் தனித்தனியாக அசைந்து ஹப்பின் கழுத்தையே தின்றுவிடும். "கைக்கணக்கு" என்று சொல்கிற மெக்கானிக்குகளிடம் எனக்கு மரியாதை உண்டு, இந்த ஒரு நட்டில் மட்டும் கிடையாது. கடைசியில் புது காட்டர் பின். பழையதை நிமிர்த்திப் போடுவதற்கு அது மிச்சப்படுத்துகிற பணம் ஒரு பழம்பொரிக்கும் காணாது.

வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதிக்கவேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளி வைத்திருக்கிறோம், முதல் மிதி வெறுமையாகத்தான் போகும். வீட்டுச் சுவரை இடித்தவர்கள் எல்லோரும் இந்த முதல் மிதியில் இடித்தவர்கள்.

புது டிஸ்க்கைப் பழக்குவதற்குத் தோவாளை தாண்டிப் போனேன். அதிகாலையில் பூச்சந்தை வண்டிகள் மட்டும்தான் ஓடும், ரோடு நேராகக் கிடக்கிறது. அறுபதில் போய், நிதானமாக மிதித்து இருபதுக்குக் கொண்டுவந்து, முழுசாக நிறுத்தாமல் திரும்ப வேகமெடுப்பது. நடுவில் ஆறவிட்டுத் திரும்பவும். பேடின் பொருள் டிஸ்க் முழுக்கச் சன்னமாக, ஒரே சீராகப் படியவேண்டும். சூடாக இருக்கும்போது அழுத்திப் பிடித்து நிறுத்திவிட்டால் பேடின் அச்சு ஒரே இடத்தில் பதிந்துவிடும், எந்த ஆட்டத்துக்காக இவ்வளவும் செய்தோமோ அதே ஆட்டம் திரும்ப வரும். ஆரல்வாய்மொழிக் காற்று வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தது, காற்றாலைகள் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டிருந்தன, எண்பதிலிருந்து மிதித்தேன், ஸ்டியரிங் அசையவில்லை. ஊம்காரமும் இல்லை.

ஸ்ட்ரட் போல்ட்டைக் கழற்றினால் வீல் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். வெள்ளைக் கோடு போட்டிருந்தும் டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கிற கோணம், கொஞ்சம் விலகித்தான் இருந்தது, சரிசெய்தார்கள். நூறு கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை ஒருமுறை திரும்ப இறுக்கியாயிற்று, இரண்டு நட் அரைக்கால் திருப்பு எடுத்தது. பழைய டிஸ்க் இரண்டையும் ஆக்கர் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார். பள்ளம் விழுந்த வளையத்தை மட்டும் அண்ணாச்சி கேட்டு வாங்கிக்கொண்டார், சுத்தியலோடு வருகிற பையன்களுக்குக் காட்டவாம்.

முன்சக்கரச் சத்தம் போனபின், அதுவரை அதற்கடியில் ஒளிந்திருந்த இன்னொன்று கேட்கிறது. பின்னால், இடதுபக்கம். டிரம்மைத் திறக்க ஐப்பசி மழை முடியட்டும் என்றிருக்கிறார் அண்ணாச்சி. அதுவரை அம்மாவை முன்சீட்டில்தான் உட்காரவைக்க வேண்டும்.